பதினாலு பேரும் ஆப்சென்ட்

இண்டர்மீடியட் படிப்பை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக பி.யூ.சி. என்று ஒரு வருடப் படிப்பைக் கொண்டுவந்த புதிது. ஐம்பதுகளின் பிற்பகுதி. இராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். கடலைப் பார்த்தபடி பள்ளிவாசல், அதன் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு வீடுகள். ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கொழும்பிலோ பினாங்கிலோ கடை. ஊரில் இருப்பது பெண்களும், தொழிலை விட்டு ஓய்ந்தவர்களும், லீவில் வந்த மாப்பிள்ளைகளும்தான்.

எங்கள் வழக்கம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களில் பெண் கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போவது கிடையாது. வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். எனக்கும் பதினாறு வயதில் கல்யாணமானது. அதே வீடு, அதே சமையல்கட்டு, காலையில் எழுந்தால் அதே உம்மாவின் திட்டு. புதிதாக வந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் மூன்று மாதம் இருந்துவிட்டுக் கொழும்புக்குக் கப்பலேறிவிட்டார். அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் எனக்குப் பொழுது கடலளவு இருந்தது. மகள் பிறந்தாள். அவளை உம்மா எடுத்துக்கொண்டார்கள். நான் என்ன செய்வது?

வாப்பா உயிரோடு இருந்தபோது வீட்டுக்கே டீச்சரை வரவழைத்து எனக்குப் பாடம் சொல்ல வைத்திருந்தார். எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனியாக எழுதினேன். என்னைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். ஊர் ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கென்று ஓர் அறையை ஒதுக்கி, திரைச்சீலை கட்டி, பெண் வாத்தியாரைக் காவலுக்கு உட்காரவைத்து எழுதவைத்தார்கள். ஊரில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாஸ் செய்தபோது வீட்டுக்கு வீடு ஓட்டுமாவுப் பலகாரம் கொடுத்தோம். அதற்கு மேல் எங்கே போவது? கல்லூரி என்றால் மதுரை. மதுரை எங்களுக்குப் பினாங்கைவிடத் தூரம்.

அப்போதுதான் அந்த ஆபீசர் வந்தார். பல்கலைக்கழகத்தில் எந்த ஊருக்குக் கல்லூரி வேண்டும், புதுப் படிப்பை எப்படிப் பரப்புவது என்று திட்டம் போடுகிறவர். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள், முழுக்கைச் சட்டை, கையில் குடை. ஊரே அவருக்கு 'பிளான் சார்' என்று பெயர் வைத்துவிட்டது. ஆண்பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பெரியதனக்காரர்கள்தான் அவரை வரவழைத்திருந்தார்கள். பெண்பிள்ளைகள் மதரஸா ஹாலில் கூட்டம். திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள். கூட்டத்துக்குப் போனோம் என்பதைவிட, கொடுத்த பால்கோவாவுக்குப் போனோம் என்று சொன்னால் பொய் இல்லை.

எல்லாம் பேசி முடித்த பிறகு அவர், "பெண்கள் படிப்புக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டார். யாரோ, "அதுகளுக்குக் கல்யாணம் ஆயிருதே சார்" என்றார்கள். "கல்யாணம் ஆகி எந்த ஊருக்குப் போவாங்க?" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. என் பெரிய மாமா, அதாவது உம்மாவின் மூத்த அண்ணன், அவர்தான் அப்போது ஜமாத் தலைவர். "எங்கன போவும்? அதது வீட்டுல அதது இருக்கும். போறதும் வாரதும் நாங்கதான்" என்றார்.

பிளான் சார் சிரிக்கவில்லை. மற்ற ஊரில் எல்லாம் கல்யாணம்தான் பெண்களைப் படிப்பிலிருந்து பிடுங்குகிறது, இந்த ஊரில் அது யாரையும் எங்கேயும் கொண்டுபோகவில்லையே, அப்படியானால் கல்யாணமான பிறகே படிக்கலாமே என்றார். இவ்வளவுதான் சொன்னார். எனக்குத் திரைக்குப் பின்னால் உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. என் வாழ்க்கையை யாரோ வெளியூர்க்காரர் ஒரு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிட்டாரே என்று இருந்தது.

அவர் செய்த காரியங்களை இப்போது நினைத்தாலும் ஆச்சரியம்தான். உத்தரவு எதையும் கொண்டுவரவில்லை. திரும்பத் திரும்ப பஸ் ஏறி வந்தார். ஆதரவு தரக்கூடியவர்களைத் தேடிப் போகாமல், எதிர்ப்பவர்கள் யார் என்று விசாரித்து அவர்கள் வீட்டுக்குப் போனார். உங்களுக்கு இதில் என்ன பயம் என்று கேட்பார். மாமாதான் பெரிய எதிர்ப்பு. அவரிடம் நான்கு தடவை போய் உட்கார்ந்து, கடைசியில் இந்த வகுப்புக்கு நீங்கள்தான் தலைவர் என்று சொல்லிவிட்டார். மாமா போட்ட நிபந்தனை எல்லாவற்றுக்கும் சரி என்றார். பெண் வாத்தியார்தான் வேண்டுமா, சரி. பெண்கள் மட்டும் கூடி ஓதுகிற, தொழுகிற தைக்காவில்தான் வகுப்பா, சரி. மதியத் தொழுகையான லுஹருக்குப் பிறகு, மாலைத் தொழுகையான அஸருக்கு முன்னாலா, அதுவும் சரி. பெண்கள் கல்லூரிக்குப் போகாமலே தனியாகப் படித்துப் பரீட்சை எழுதலாம் என்று சலுகை இருந்தது. அதை வைத்துத்தான் அவருடைய திட்டம். முதலில் பி.யூ.சி., அப்புறம் பி.ஏ. "இந்தப் பெண்கள் பாஸ் பண்ணட்டும். பத்து வருஷத்துல இதே இடத்துல பெண்கள் கல்லூரி வரும். வெளியூர்லேர்ந்து ஆள் தேட வேண்டாம். இவங்களே பாடம் நடத்துவாங்க" என்றார்.

கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் முன்கூடத்தில், உம்மா திரைக்குப் பின்னால். உம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்.

"பரீட்சை எங்கன வைப்பீங்க?"

"இங்கேயேம்மா. எஸ்.எஸ்.எல்.சி.க்கு வெச்ச மாதிரி."

"நிச்சயமா?"

"அது என் பொறுப்பு."

மாமா அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஊருக்குள் அவர் இப்படிப் படியேறிப் போய்க் கேட்டதை யாரும் பார்த்ததில்லை. பரீட்சையும் இங்கேதான், நம் பெண்கள் ஊர் எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை, இது என் வாக்கு என்று சொல்லித்தான் பதினாலு பேரைச் சேர்த்தார். கொழும்பிலிருந்து என் வீட்டுக்காரரும் சம்மதம் எழுதிவிட்டார்.

அந்த ஒரு வருடம் எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் யாருக்கும் சரியாகச் சொன்னதில்லை. இராமநாதபுரத்தில் குடியிருந்த ஒரு கிறிஸ்தவப் பெண்மணி, எம்.ஏ. படித்தவர், பாடம் நடத்த வந்தார். 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம். மதியம் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு சந்து வழியாகத் தைக்காவுக்குப் போவோம். உள்ளே போனதும் துப்பட்டிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு உட்காருவோம். கைக்குழந்தைக்காரிகள் மூன்று பேர். தூணுக்குத் தூண் ஏணை கட்டி, கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு தர்க்க சாஸ்திரம் கேட்பார்கள். மிஸ் கேள்வி கேட்டால், பதில் தெரியாதவளின் கால் வேகமாக ஆடும். குழந்தை பயந்து அழும். மிஸ் சிரித்துவிடுவார். இங்கிலாந்து சரித்திரத்தில் ராஜாக்கள் மனைவிகளை மாற்றியதைக் கேட்டு எங்களில் ஒருத்தி, "இவனுக்கெல்லாம் எந்த மாமியார் வீடு கொடுத்தா?" என்றாள். அன்றைக்குப் பாடமே நடக்கவில்லை.

சிரித்ததைச் சொல்கிறேனே தவிர, நாங்கள் படித்த படிப்பும் சாதாரணமில்லை. இங்கிலீஷ் எனக்கு நாக்கில் ஒட்டவே ஒட்டாது. சோறு வடிக்கும்போதும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். உம்மா எட்டிப்பார்த்து, "புள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்பார்கள். பி.ஏ. என்று என் பெயருக்குப் பின்னால் எழுதிப் பார்த்து உடனே அழித்துவிடுவேன். அவ்வளவு ஆசை. ஆசை என்பதுகூடச் சின்ன வார்த்தை. அது கிடைத்தால் நான் ஒரு ஆள், கிடைக்காவிட்டால் இந்த வீட்டுக்குக் காவல், அவ்வளவுதான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஹால் டிக்கெட் வந்தது. பரீட்சை எழுதும் இடம், மதுரையில் ஓர் ஆண்கள் கல்லூரி.

ஏதோ தவறு நடந்திருக்கிறது, பிளான் சாரிடம் சொன்னால் மாற்றிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மாமா தந்தி அடித்தார். பதில் இல்லை. நான்கைந்து நாள் கழித்து அவரே வந்தார். மதரஸா ஹாலில் அதே மாதிரி திரை கட்டி உட்கார்ந்தோம். மனிதர் பேச ஆரம்பித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. குரல் அவருடையதாகவே இல்லை.

நடந்தது இதுதான். பரீட்சை நடத்துகிற பிரிவு வேறு, அவருடைய பிரிவு வேறு. இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில். அங்கீகாரம் பெற்ற கல்லூரிக் கட்டடத்தில்தான் பி.யூ.சி. பரீட்சை வைக்கலாம் என்று அவர்களிடம் ஒரு விதி. எஸ்.எஸ்.எல்.சி.யை நடத்துகிறவர்களே வேறு ஆட்கள், அதனால் அந்த ஏற்பாட்டைக் காட்டி இங்கே கேட்க முடியாது. மேலதிகாரி ஒருவர் 'நடத்துங்கள் பார்ப்போம்' என்று வாயால் சொன்னதை நம்பி இவர் வேலையை ஆரம்பித்துவிட்டார். நடத்திக் காட்டிவிட்டால் விதி தானாக வளையும் என்று நினைத்திருக்கிறார். கடைசி நேரத்தில் போய் நின்றபோது, எங்களைக் கேட்டா வாக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். உங்கள் ஒரு ஊருக்குக் கொடுத்தால் நாளைக்கு நூறு ஊர் கேட்கும், வினாத்தாளுக்கு யார் காவல் என்றும் கேட்டிருக்கிறார்கள். அதுவும் நியாயமான கேள்விதானே? அவர்களைக் கெட்டவர்கள் என்று திட்டித் தீர்க்கக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

"இந்த ஊர்ல ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறிக் கேட்டேன். எங்க ஆபீஸ்ல பக்கத்து ரூம்ல இருக்கறவரைப் போய் ஒரு வார்த்தை கேட்கலை. மாற வேண்டியது நீங்கதான்னு நினைச்சுட்டேன்" என்றார் பிளான் சார்.

மாமா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"சார், நான் வேணாம்னுதான் சொன்னேன். நீங்கதான் என்னைத் தலைவருன்னு உக்கார வச்சீங்க. என் வாக்கை நம்பித்தான் ஊரு புள்ளைகள அனுப்புச்சு. இப்ப மதுரைக்கு அனுப்புங்கன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பேன்?"

"அங்கன பொம்பளை வாத்தியாராச்சும் நிப்பாங்களா?" என்று மாமா கேட்டார். "தெரியலைங்க. இனிமே நான் எதுக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது" என்றார் பிளான் சார். ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. இன்றைக்கும் சில சமயம் வருகிறது.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்று, "மாமா, நான் போறேன். உம்மா என்கூட வாராங்க" என்றேன். ஜமாத் கூட்டத்தில் ஒரு பெண் குரல் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். உம்மா என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. "நான் கூட்டிக்கிட்டுப் போறேன் காக்கா" என்று தன் அண்ணனிடம் அவர்களும் சொன்னார்கள்.

மாமா எழுந்து திரைக்கு அருகில் வந்து நின்றார். முகம் தெரியவில்லை, நிழல்தான் தெரிந்தது.

"நீ போயிருவ மவளே. ஒன்னைய நான் தடுக்க மாட்டேன். ஆனா மத்த பதிமூணு வீட்டுலயும் என்ன பேசுவாங்க? எழுத்துப் படிக்கன்னு கூப்பிட்டாங்க, கடைசில ஊரு விட்டு ஊரு கொண்டு போயிட்டாங்கம்பாங்க. நாளைக்கு மதரஸாவுக்கே பொம்பளைப் புள்ளைய அனுப்ப மாட்டாங்க. அதுக்கப்புறம் நீ என்ன சொல்றியோ, அது."

அவர் மிரட்டவில்லை. ஊரை நன்றாக அறிந்த மனிதர், உள்ளதைத்தான் சொன்னார். மதரஸாவில் அப்போது சின்னப் பிள்ளைகள் நிறையப் பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். என் மகளும் அந்த வருடம்தான் சேர்ந்திருந்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களில் எனக்கே இன்னும் தீர்ப்புச் சொல்லத் தெரியாதது அப்படி உட்கார்ந்ததுதான். போயிருக்க வேண்டுமா? போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாரிடம் கேட்பது?

பரீட்சை நாள் வந்தது. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் பேனாவை எடுத்துக்கொண்டு தைக்காவுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் தெரியாது. போய்ப் பார்த்தால் அங்கே ஏற்கனவே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி ஏணை கட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பதினாலு பேரும் வந்துவிட்டோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. முதல் பஸ்ஸில் மிஸ்ஸும் வந்து இறங்கினார். எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அப்புறம் உள்ளே வந்து, தானே யோசித்து ஒவ்வொரு கேள்வியாகச் சொன்னார். நாங்கள் எழுதிக்கொண்டோம். பிறகு பதில் எழுத ஆரம்பித்தோம். எங்களுக்கு நேரம் வைத்து, நடுவில் நடந்து, பேசாதீர்கள் என்று அதட்டி, நிஜப் பரீட்சை மாதிரியே நடத்தினார். நான் அவ்வளவு நன்றாக என்றைக்கும் எழுதியதில்லை. இங்கிலீஷ் வார்த்தைகள் தானாக வந்தன. ஒரு கட்டத்தில் இது வெறும் விளையாட்டு என்பதே மறந்துபோய், மதிப்பெண்ணுக்காகக் கவலைப்பட்டேன். முடிந்ததும் மிஸ் தாள்களை வாங்கி அடுக்கினார். அடுக்கிவிட்டு, அவற்றை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அழுகை வந்தது. யார் முதலில் அழுதது என்று நினைவில்லை. குழந்தைகளும் சேர்ந்துகொண்டன. அஸர் பாங்கு சொல்லும்வரை அழுதோம்.

மறு வருடம் வகுப்பு நடக்கவில்லை. மிஸ் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். பிளான் சாரைத் திட்டம் போடும் வேலையிலிருந்து எடுத்துவிட்டு எங்கோ பாடம் நடத்த அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அவர் திரும்ப எங்கள் ஊர்ப்பக்கம் வரவேயில்லை. மாமா அதற்கப்புறம் கல்வி சம்பந்தமாக எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறக்கவில்லை. சேர்ந்து படித்த பெண்களைச் சந்தில் பார்ப்பேன். குழந்தை, குழம்பு, கொழும்புக் கடிதம் என்று பேசுவோம். அந்த வருடத்தைப் பற்றி ஒருத்தியும் பேச மாட்டாள்.

இதோடு முடிந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். பத்து வருடம் போல ஓடியது. அறுபதுகளின் கடைசி. என் மகளும் என்னைப் போலவே வீட்டிலிருந்தபடி, நான் சொல்லிக்கொடுத்து, எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டாள். என்னைவிடக் கெட்டிக்காரி. அவளுக்கு இங்கிலீஷ் நாக்கில் ஒட்டியது. பல்கலைக்கழகத்திலிருந்து வேறொரு ஆபீசர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு அவளையும் கூட்டிக்கொண்டு அதே ஹாலுக்குப் போனேன். ஊரில் இப்போது இளவட்டங்கள் பேசினார்கள். பெண்களுக்கு இங்கே ஒரு வகுப்பும் பரீட்சைக்கு ஓர் இடமும் வேண்டும் என்று நன்றாகவே பேசினார்கள்.

புது ஆபீசர் பொறுமையாகக் கேட்டார். மரியாதையான மனிதர்தான். கடைசியில் சொன்னார். "உங்க ஊர்ல முன்னாடியே இதை ஒரு தடவை செஞ்சு பார்த்திருக்காங்களே. பதினாலு பேர் பணம் கட்டி, பதினாலு பேரும் பரீட்சைக்கு ஆப்சென்ட். இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு மேல்படிப்புல ஆர்வம் இல்லைன்னு எங்க ஆபீஸ்ல முடிவு பண்ணி வெச்சிருக்காங்க. அதை மீறி நான் எப்படிங்க எழுதறது?"

பத்து வருடத்துக்கு முன்னால் எழுந்து நின்ற நான் அன்றைக்கு எழுந்து நிற்கவில்லை. அன்று எழுதிய பெண்களில் நாலைந்து பேர் அந்தத் திரைக்குப் பின்னால் என்னோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வரமுடியாமல் செய்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள். நாங்கள் வரவில்லை என்பது மட்டும் அங்கே பத்திரமாக இருந்திருக்கிறது. என் மகள், "உம்மா, ஆப்சென்ட் ஆனது யாரு?" என்று காதில் கேட்டாள். அவளிடம் நான் இந்தக் கதையை அதுவரை சொன்னதே இல்லை.

அன்றைக்கு இரவு சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தன் புத்தகங்களைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டாள். அடுத்த வருடம் அவளுக்கும் கல்யாணமானது. அவளும் அதே வீட்டில்தான் இருக்கிறாள்.

பிளான் சார் நல்லவர், மாமா நல்லவர், அந்தப் புது ஆபீசரும் கெட்டவரில்லை. இத்தனை நல்லவர்களும் சேர்ந்து என் மகளை நான் நின்ற அதே இடத்தில் நிறுத்திவைத்தார்கள் என்பதை நினைக்கும்போது, இன்றுவரை எனக்கு யார் மேலும் கோபப்படவும் முடியவில்லை, யாரையும் மன்னிக்கவும் முடியவில்லை.